தெளியாத மெருகு

தொட்டியில் மெருகு தெளியவே இல்லை.

கலங்களுக்குப் பூசும் மெருகைக் கரைத்து வைத்துவிட்டு ஒரு கிண்ணம் தினைக் கஞ்சி குடித்து வருவதற்குள் சாம்பலும் மண்ணும் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். பூச்சுக்காரிக்குப் பிறந்து பூச்சுக்காரியாகவே வளர்ந்த தல்லேவுக்கு அது பொழுது விடிவதைப் போலச் சாதாரண விஷயம். ஆனால் காலையில் கரைத்த மெருகு, மதியம் மூடியைத் தூக்கியபோதும் அரிசி களைந்த நீர் போலக் கலங்கியே கிடந்தது. அதன் மேற்பரப்பில் ஒரு சுழி மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் துடுப்பால் கிளறிவிட்டு எழுந்து போனதைப் போல. துடுப்போ சுவரில் சாய்ந்து, உலர்ந்துபோய் நின்றது.

வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வைக்கோல் கூரையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டும் ஓசையும், பக்கத்துக் கொட்டகையில் களிமண் மிதிப்பவர்களின் பாதங்கள் சளக் சளக்கென்று விழும் ஓசையும், நனைந்த விறகின் புளித்த வாடையும் அந்தச் சின்ன இடத்தை நிறைத்திருந்தன. தல்லே முழங்கையைச் சுருட்டிக்கொண்டு விரல்களை உள்ளே விட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. ஊற்று நீரில் கரைத்த மெருகு. மழைக்காலத்தில் விரல் விறைக்க வேண்டும். இதுவோ காய்ச்சல்காரியின் கையைப் பிடித்தது போல இருந்தது.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். இழுக்கும்போது, அடியில் இருந்த ஏதோ ஒன்று அவள் விரல் நுனிகளை விட மனமில்லாமல் விட்டது. குழம்பு கெட்டி, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று நினைக்காமல் இருக்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சூளைக்குடியில் பிறந்தவர்கள் அங்கேயே உழைத்து அங்கேயே சாக வேண்டும். மண் பிசைபவன் பிள்ளை மண் பிசையும். பூச்சுக்காரியின் பிள்ளை பூச்சுப் பூசும். எல்லைக் கல்லைத் தாண்டியவர்களைக் கையைக் கட்டித் திரும்ப இழுத்து வருவார்கள். தல்லேவின் கணவன் மிஜோய் வெளியூர்ப் படகுக்காரன். இங்கே சுட்டெடுக்கும் கலங்களைத் தலைநகருக்கு ஏற்றிப் போகிறவன். அவனைக் கட்டிவைக்கும் கல் எதுவும் இல்லை. ஆனால் அவள் வயிற்றில் வளரும் பிள்ளை எல்லைக்குள் பிறந்தால் சூளைக்குச் சொந்தம். வெளியே பிறந்தால் அப்பனைப் போலச் சுதந்திரக் குடி.

வசந்தத்தில் தலைநகர் அதிகாரி ஒருவர் வந்தார். அரண்மனைப் பெரியம்மா ஒரு கோயிலுக்குக் காணிக்கை தரப் போகிறாராம். கொக்கும் மேகமும் பதித்த பச்சைக் கலங்கள் வேண்டுமாம். மழை நின்ற வான நிறம் வந்தாக வேண்டுமாம். நிறம் வந்தால் என்ன தருவீர்கள் என்று தல்லே கூட்டத்தின் நடுவிலிருந்து கேட்டுவிட்டாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு மூச்சே நின்றுபோனது. அதிகாரி அவள் வயிற்றைப் பார்த்தார், சிரித்தார். தொகுப்பில் ஒரு கலம்கூடக் குறையாமல் கப்பலேறினால் நீயும் அதே கப்பலில் ஏறிக்கொள் என்று எல்லோர் காதும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் மழை பிடித்துக்கொண்டது. குளிர்காலம் முழுக்க எரித்துச் சலித்து அவள் குழியில் சேர்த்து வைத்திருந்த கருவாலி மரச் சாம்பல் ஒரே நாளில் ஊறிச் சேறாகிவிட்டது. ஊறிய சாம்பலில் சத்து போய்விடும். அதைப் பூசினால் கலம் பச்சையாகாது, பழுப்பாகும். புதிதாக எரிக்கக் காய்ந்த விறகு இல்லை. இருந்ததெல்லாம் சூளைக்கே போதாது. குடியின் தலைவர் பாங் தினமும் வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

"வயிறு முன்னால வருது, நீ பின்னால வர்ற. வேலை எப்போ வரும்?"

"வரும் தலைவரே. நீங்க நிழல் விழாம நின்னா சீக்கிரமே வரும்."

அந்த வாரம் கூசில் இறந்தாள்.

கூசில் பதிப்புக்காரி. சுடாத மண் கிண்ணத்தில் மூங்கில் கத்தியால் கொக்குகளைக் குடைந்து, குடைந்த பள்ளத்தில் வெள்ளைக் குழம்பும் செம்மண் குழம்பும் அப்பி, காய்ந்ததும் சுரண்டி எடுப்பாள். சூட்டில் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும், சிவப்பு கறுப்பாகும். கொக்குக்குச் சிறகும் காலும் வந்துவிடும். தல்லேவைவிடச் சில வயது மூத்தவள். இரண்டு தடவை தப்பி ஓடினாள், இரண்டு தடவையும் பிடித்து வந்தார்கள். இரண்டாம் தடவைக்குப் பிறகு அவளால் சரியாக நடக்க முடியவில்லை. இந்தத் தொகுப்பின் கொக்குகள் அத்தனையும் அவள் செய்தவைதான். கடைசி ஜாடியைக் காய்ச்சலோடு முடித்துவிட்டுத் தல்லேவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கருந்து வெளிய போக எனக்கு இனிமே ஒரே வழிதான்டி இருக்கு. அதையாவது ஒழுங்கா பண்ணி விடு."

அது என்ன வழி என்று சூளைக்குடியில் யாரும் கேட்க வேண்டியதில்லை. செத்தவரை எரித்த இடத்தைக் கடைசிப் பொடி வரை கூட்டிக் கூடையில் அள்ளி, கடல் வற்றும் நேரத்தில் கழிமுகத்தில் விட வேண்டும். வற்றும் நீர் சாம்பலைக் கல்லுக்கும் காவலுக்கும் அப்பால் இழுத்துக்கொண்டு போய்விடும். கூட்டி அள்ளுவது உறவுக்காரர் வேலை இல்லை. கண்ணீர் விழுந்தால் சாம்பல் ஒட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிடும் என்பார்கள். சிநேகிதிதான் அள்ள வேண்டும்.

தல்லே அள்ளினாள். மலைச்சரிவுத் துறவி மடத்தின் தகனக் கொட்டகையில் மழை படவில்லை. கருவாலியும் பைனும் நின்று எரிந்த சாம்பல் வெள்ளையாக, மாவைப் போல மெத்தென்று, விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு கிடந்தது. இப்படிப்பட்ட சாம்பலுக்காகத்தான் பூச்சுக்காரிகள் ஏங்குவார்கள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் கழிமுகம். வலப்பக்கம் அவள் கொட்டகை. நின்றாள். மழை கூடையின் ஓலை மூடியில் விழுந்தது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை உதைத்தது.

அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

அன்று பின்னேரம் கழிமுகத்தில் தல்லே விட்டது சூளை வாயில் அள்ளிய கரிச்சாம்பல். கரையில் கூசிலின் அண்ணன் தொல்சாம் மண்டியிட்டு, அந்தக் கறுப்பு நீர் விலகிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். போய்விட்டாள், ஒருவழியாகப் போய்விட்டாள் என்று முணுமுணுத்தான். பிறகு எழுந்து, தன்னைவிட இளையவளான தல்லேவை இடுப்பு வளைத்து வணங்கினான்.

இப்போது மெருகு தெளியவில்லை.

தெளியாவிட்டாலும் முக்கித்தானே ஆக வேண்டும். முதல் சூடு கண்ட கிண்ணங்கள் வரிசையாகக் காத்திருந்தன. அடிப்பாதத்தை மூன்று விரலால் பிடித்து, சாய்த்து, உள்ளே விட்டு, ஒரு மூச்சு இழுக்கும் நேரத்தில் வெளியே எடுக்க வேண்டும். தாகம் பிடித்த ஓடு நீரைக் குடிக்கும்போது மெல்லிய சீறல் எழும். அடுத்த கணமே சாம்பல் நிறப் படலம் எல்லாவற்றையும் மூடிவிடும். கொக்கு இருந்த இடமே தெரியாது. விரல் பிடித்த இடத்தில் மட்டும் மெருகு ஒட்டாமல் ஓடு தெரியும். அங்கே தூரிகையால் தொட்டு மூடுவாள். பூச்சுக்காரிக்குத் தன் விரல் தடம் தன் முகத்தைப் போலப் பழக்கம்.

முதல் கிண்ணத்தைப் பலகையில் வைத்து, பாதத்தின் தடங்களை மூடிவிட்டு, உள்ளே பார்த்தாள். கிண்ணத்தின் உள்ளே, நடுவில், மெருகு ஒட்டாத ஐந்து புள்ளிகள் இருந்தன.

அங்கே அவள் தொடவில்லை. அங்கே யாரும் தொடுவதில்லை.

ஓட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும். தூரிகையால் மூடினாள். இரண்டாவது கிண்ணத்திலும் ஐந்து, சற்றே மேலே. மூன்றாவதில் அவற்றுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஒரு வெற்றிடம். மூடினாள். அடுத்ததையும் மூடினாள். கடைசியாக, கூசில் காய்ச்சலோடு முடித்த, கழுத்து குறுகிய அந்தப் பெரிய ஜாடி. தொட்டியிலிருந்து தூக்கும்போது அது கனத்தது. ஏதோ அதைக் கீழே பிடித்துக்கொண்டிருந்து, யோசித்து, பிறகு விட்டது. ஜாடியின் கழுத்துக்குள் களக்கென்று ஒரு விழுங்கும் ஓசை.

அவள் உள்ளே பார்க்கவில்லை. அவ்வளவு குறுகிய கழுத்துக்குள் பார்க்கவும் முடியாது.

சூளையை மூட்டியது தொல்சாம். மலைச்சரிவில் படுத்திருக்கும் பாம்பைப் போல நீண்ட சூளை. பக்கவாட்டில் வரிசையாக விறகு போடும் துளைகள். தல்லே சோறு கொண்டுபோன மாலையில் அவன் புருவம் கருகி, கண் சிவந்து, ஆனால் ஏதோ ஒரு குழப்பமான சந்தோஷத்தோடு உட்கார்ந்திருந்தான். வழக்கமாகத் தின்னும் விறகில் பாதியைக்கூட இந்தத் தடவை சூளை தின்னவில்லையாம். அதற்குள் நிறம் ஏறத் தொடங்கிவிட்டதாம்.

"ஏற்கனவே சாப்பிட்டு வந்த மாதிரி இருக்கு," என்றான். "மெருகுல என்ன போட்ட?"

"எப்பவும் போடறதுதான் அண்ணே."

அவன் தலையசைத்துவிட்டுத் துளையின் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்தான். விறகுப் புகை, சுட்ட மண், உருகும் மெருகின் உப்பு வாடை எல்லாம் கலந்த அந்த அனலை ஒரு கணம் உள்ளேயே வைத்திருந்தான்.

"சிரிக்காத. எனக்கு என்னமோ எங்க வீட்டு வாசனை அடிக்குது."

தல்லே சிரிக்கவில்லை.

பச்சை வர வேண்டுமானால் கடைசியில் சூளையின் மூச்சை அடக்க வேண்டும். நெருப்பு காற்றுக்குத் தவிக்கும்போதுதான் மெருகில் அந்த நிறம் பிறக்கும். தொல்சாம் குழைத்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, கீழ்த் துளையிலிருந்து ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே மேலே ஏறினான். தல்லே மண் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். முதல் துளையை அடைத்தபோது உள்ளேயிருந்து டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. கலங்களை மூடியிருக்கும் மண்கூடுகள் சூட்டில் அசைவது வழக்கம்தான். இரண்டாவதை அடைத்தான். சத்தம் மூன்றாவது துளைக்கு அருகில் கேட்டது. மூன்றாவதை அடைத்தான். நான்காவதில். இன்னும் திறந்திருக்கும் துளைகளைத் தேடித் தேடி, அடைபடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை முந்திக்கொண்டு, விரல் முட்டி கதவைத் தட்டுவதைப் போல அது மேலே ஏறியது. வேகம் கூடியது. கடைசித் துளையில் தட்டல் இல்லை. அடைத்த ஈர மண் மட்டும் உள்ளேயிருந்து ஒரு தடவை வெளியே புடைத்தது.

தொல்சாம் அதை உள்ளங்கையால் அழுத்தி உள்ளே தள்ளினான். "காத்து," என்றான்.

சூளை ஆறித் திறந்த நாளில் தலைவர் பாங் ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். மூன்று தலைமுறையாக அந்தச் சூளையில் அப்படியொரு பச்சை வந்ததில்லை. மழை நின்ற வானம் என்றார்கள், ஆழக் குளத்து நீர் என்றார்கள். அதற்குள் கூசிலின் கொக்குகள் வெள்ளைச் சிறகை விரித்துக்கொண்டு, கறுத்த கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிக் கூசில் போட்ட வளையங்களுக்குள்ளேயே பறந்துகொண்டிருந்தன. தொல்சாம் ஒரு கிண்ணத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பாவி, இதைப் பார்க்காமல் போய்விட்டாளே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மீதி இருந்தது தரம் பிரிக்கும் வேலை. அரண்மனைக் கலங்களைப் பூச்சுக்காரிதான் பார்க்க வேண்டும். குறையுள்ளதை அவளே சுத்தியலால் உடைக்க வேண்டும். குறையுள்ள ஒன்று தலைநகருக்குப் போனால் குடிக்கே தண்டனை. ஒன்றுகூட வழியில் காணாமல் போய்விடக் கூடாது என்பதால், வேலை முடியும்வரை அவளைக் கலங்களோடு சரக்கு வைக்கும் கிட்டங்கியில் வைத்து வெளியே தாழ் போடுவார்கள். மாலை மணி அடித்த பிறகுதான் திறப்பார்கள். அது எப்போதும் உள்ள நடைமுறைதான். தல்லே எத்தனையோ தடவை அப்படி இருந்திருக்கிறாள். அந்தக் கனத்த கட்டை வெளியே விழுந்த ஓசை இந்தத் தடவைதான் அவள் முதுகில் இறங்கியது.

கிட்டங்கிக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் காகிதத்தில் மழைநாளின் மங்கல் வெளிச்சம் ஊறி, உள்ளே பச்சையாகப் பரவியிருந்தது. குளத்தின் அடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பதைப் போல. அலமாரிகளில் கலங்கள் டிங், டிங் என்று மெல்ல ஒலித்தன. ஆறும் மெருகில் நுண்ணிய விரிசல் விழும்போது வரும் ஓசைதான் அது. சிதறிச் சிதறி, ஒழுங்கில்லாமல் கேட்டு, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் இன்று அது சிதறவில்லை. கீழ்த் தட்டின் மூலையில் தொடங்கி, ஒவ்வொரு கிண்ணமாகத் தாண்டி, தட்டின் முடிவு வரை வந்து, ஒரு தட்டு மேலே ஏறியது. திரும்பி வந்தது. இன்னொரு தட்டு ஏறியது.

முதல் கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். வெதுவெதுப்பு. மேகங்களும் கொக்குகளும் குறையில்லை. நடுவில், மெருகின் ஆழத்தில், மேகத்தின் நிழல் போல ஏதோ ஒன்று. வேறு யாரும் அதைப் பார்த்து அழகு என்றுதான் சொல்வார்கள். தல்லேவுக்குத் தெரிந்தது. ஐந்து விரல் நுனிகள்.

அடுத்ததில் உள்ளங்கை. அடுத்ததில் மணிக்கட்டும் இருந்தது. விரல்கள் விளிம்பை நோக்கி நீண்டிருந்தன. மேல் தட்டுக்குப் போகப் போகக் கை மேலே ஏறியிருந்தது. கடைசித் தட்டின் கிண்ணத்தைத் தொட்டபோது அவள் விரல், விளிம்பில் நான்கு மென்மையான பள்ளங்களில் பொருந்தி உட்கார்ந்தது. யாரோ உள்ளேயிருந்து விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கியதைப் போல. டிங்.

அவள் சுத்தியலை எடுத்தாள்.

யோசிக்காமல்தான் அடித்தாள். கிண்ணம் இரண்டாகப் பிளந்தது. பிளந்த இடத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. காற்று இல்லை. நீண்ட நேரம் மூச்சை அடக்கிவைத்த ஒரு பெண் அதை விடும் ஓசை. கிட்டங்கி முழுவதும் ஒரு கணம் வற்றிய கடலின் வாடை வீசியது. சேறு, உப்பு, பாசி. தல்லே துண்டுகளை எடுத்துப் பார்த்தாள். அவை குளிர்ந்துவிட்டிருந்தன. உள்ளே நிழல் இல்லை. வெறும் ஓடு.

அப்போது அவளுக்குப் புரிந்தது. இது ஒன்றுதான் போயிருக்கிறது. இன்னும் இத்தனை இருக்கின்றன. எல்லாவற்றையும் உடைத்தால் கூசில் போய்விடுவாள்.

எல்லாவற்றையும் உடைத்தால் கப்பல் போய்விடும்.

அலமாரிகளில் ஓசை வேகம் பிடித்தது. எல்லாத் தட்டுகளும் ஒன்றாக ஒலித்தன. கெஞ்சலைப் போல. அடுத்த கிண்ணத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். சுத்தியலை ஓங்கினாள். உபரியாகச் சுட்டது ஒரே ஒரு கிண்ணம். அதை ஏற்கனவே உடைத்தாயிற்று. இதை உடைத்தால் தொகுப்பு குறையும். புதிதாக ஒன்றைச் சுட்டு முடிப்பதற்கு முன்னால் பிள்ளை பிறந்துவிடும். இந்த மண்ணில். இந்தத் தொட்டிக்குப் பக்கத்தில். அதற்கும் துடுப்பைக் கொடுப்பார்கள்.

கை மேலேயே நின்றது. வலித்தது. இறங்கியது. சுத்தியலை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"மன்னிச்சுக்கடி," என்றாள். "நீ செத்துப்போயாச்சு. என் பிள்ளை இன்னும் இருக்கு."

ஓசை நின்றது.

ஒன்றுகூட ஒலிக்கவில்லை. மழையின் ஓசையும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த யாரோ பதிலைக் கேட்டு முடித்துவிட்டதைப் போன்ற அமைதி. தல்லே கதவுக்கு ஓடினாள். தட்டினாள். தலைவரே என்று கத்தினாள். தாழ் அசையவில்லை. மாலை மணி இன்னும் அடிக்கவில்லை. கதவில் முதுகை அழுத்திக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பச்சை வெளிச்சம். வாய் திறந்த கிண்ணங்கள். எல்லா வாய்களும் அவள் பக்கம்.

எதுவோ தரையைக் கடந்தது. சத்தமில்லை, உருவமில்லை. சூடு மட்டும். ஈரப் பலகையில் மெல்ல ஊர்ந்து வரும் வெதுவெதுப்பு. அவள் பாதத்தைத் தொட்டது. கணுக்காலை. முழங்காலை. அவள் கால்களை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். உதடு கிழியும் வரை கடித்தாள்.

தாழ் நகர்ந்தது. கதவு திறந்து அவள் பின்னால் சாய்ந்து விழப்போனாள். பாங் பிடித்துக்கொண்டார், பிள்ளைத்தாய்ச்சி களைத்துப்போய்விட்டாள் என்று நினைத்தார். விளக்கைத் தூக்கி ஒவ்வொரு கலமாகப் பார்த்துவிட்டு, குறை சொல்லி உடைக்க வேண்டியது ஒன்றுதானா என்று வியந்தார். தல்லேவும் பார்த்தாள். எந்தக் கிண்ணத்திலும் நிழல் இல்லை. விளிம்பில் பள்ளம் இல்லை. தொட்டால் எல்லாம் சில்லென்று இருந்தன. தெளிவான, ஆழமான, காலியான பச்சை.

போய்விட்டாள் என்று நினைத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிள்ளை அன்று மாலை உதைக்கவில்லை. மறுநாளும் உதைக்கவில்லை. அதுவும் பயந்துபோயிருக்கும், ஓய்வெடுக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

கப்பல் புறப்பட்ட காலையில் தொல்சாம் துறைக்கு வந்து, வறுத்த சோயாவும் உப்பு மீனும் கட்டிக் கொடுத்தான். போகிற வழியில் தண்ணீரைப் பார்த்தால் என் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல் என்றான். தல்லே பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கப்பலேறினாள்.

மழை வலுத்ததால் மிஜோய் அவளைக் கீழ்த்தளத்தில் உட்கார வைத்தான். வைக்கோல் சுற்றி, குச்சி கொடுத்துக் கட்டிய கலங்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒருத்தி காலை மடக்கி உட்காரும் அளவுக்கு இடம். பிரசவம் முடிந்ததும் சூப்பு வைக்கக் காய்ந்த கடற்பாசிக் கட்டு ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதைத் தலைக்கு வைத்துக்கொள், பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று சிரித்தான். பிறகு மேலே ஏறி, தண்ணீர் இறங்காமல் இருக்க மூடிப் பலகையை இழுத்து அடித்தான். ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

கலங்கள் ஒலிக்கவில்லை. தல்லே நீண்ட நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பலகைக்கு வெளியே கடல் உரசும் ஓசை, கயிறு முனகும் ஓசை, தன் மூச்சு. அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் உடம்பு நகராமலேயே ஊரை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

மேலேயிருந்து மிஜோயின் குரல் வந்தது.

"தல்லே, எல்லைப் பாறையைத் தாண்டியாச்சு. இனிமே நம்ம பிள்ளை எவனுக்கும் சொந்தமில்ல."

அந்தக் கணம் பிள்ளை அசைந்தது.

அவள் சிரித்தாள். கண்ணீரோடு சிரித்துக்கொண்டே சட்டை முடிச்சை அவிழ்த்து, வயிற்றை அந்தக் கீற்று வெளிச்சத்தில் காட்டினாள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு புடைப்பு எழுந்தது. குதிகால். இல்லை, முட்டி. அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

புடைப்பு விரிந்தது. ஐந்தாக.

பிறக்காத பிள்ளையின் கை பிளம் பழத்தளவுதான் இருக்கும். இது அவள் கையளவு இருந்தது. விரலுக்கு விரல். தோல் இழுபட்டு மெலிந்தது. நகங்களின் வடிவம் தெரிந்தது.

கையை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"பிள்ளை அசையுதா?" மேலே மிஜோய் கேட்டான்.

வாயைத் திறந்தாள். தோலுக்கு அடியிலிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன. இறுக்கமாக. விலாவுக்குக் கீழே இன்னொரு கை பிடிமானம் தேடி, மெதுவாக, மேலே ஏறிக்கொண்டிருந்தது.